நொய்யாள் வைத்த வாக்கு

அந்தக் காலத்தில், எறும்பிலிருந்து எருமை வரைக்கும் எல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, மழையும் பேச்சுத் தவறாமல் இருந்தது. வந்தால் குட்டை நிறையும்வரை நின்று பெய்துவிட்டுத்தான் போகும். அரைகுறையாகத் தூறிவிட்டு நடுவில் கைவிடுகிற பழக்கம் அதற்கு இல்லை. அதனால் குட்டையில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது. முதல் மழைக்கு எல்லோரும் எழுந்துவிட வேண்டும். எழாதவர்களுக்குத் தண்ணீரில் பங்கு கிடையாது.

செம்மண் காட்டில் இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் குட்டை. ஆற்றுக்கும் அதற்கும் உறவில்லை. வாய்க்கால் எதுவும் வந்து சேருவதில்லை. வானம் கொடுத்தால் தண்ணீர், கொடுக்காவிட்டால் வெடித்த மண். அப்படிப்பட்ட இடத்தில் மீன் தங்காது. மீன் இல்லாத தண்ணீரில் தின்னப்படாமல் இருக்கலாம் என்றுதான் கூனிகள் அங்கே குடியேறியிருந்தார்கள்.

கூனி என்றதும் கடற்கரையில் கருவாட்டோடு காயப்போட்டு விற்கிற கூனி இறாலை நினைக்கக் கூடாது. இது குட்டைக் கூனி. விரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. சாப்பிட்டது உள்ளே பச்சைக் கோடாக ஓடுவது வெளியே தெரியும். வால் நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. காம்பின் மேல் கடுகை வைத்தது போல இரண்டு கண்கள். வயிற்றின் அடியில் பதினோரு ஜோடிக் கால்கள், மெல்லிய இலைகள் போல. நீந்துவதும் அந்தக் கால்களால்தான், தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவதும் அந்தக் கால்களால்தான், மூச்சு விடுவதும் அவற்றால்தான். ஆகவே ஒரு கூனி கால்களை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவே முடியாது. அந்தக் காலத்தில் அவர்களும் மற்றவர்களைப் போல முதுகு மேலே இருக்கும்படி குப்புறத்தான் நீந்தினார்கள்.

குட்டைக்குப் பெரியவர் வரப்பன். மண்ணைத் தோண்டி உள்ளே போய்த் தூங்குகிற தடித்த தவளை. முதல் துளி விழுந்ததும் வெளியே வந்து தொண்டையை உப்பிக்கொண்டு அவர் கத்துவார். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் எழ வேண்டும். மழைத்தண்ணீர் முதலில் செம்மண் கரைசலாகக் கிடக்கும். அதில் வரப்பனின் தலைப்பிரட்டைகளுக்கு மூச்சு முட்டும். அதைக் காலால் அளைந்து அளைந்து தெளிய வைப்பது கூனிகளின் வேலை. "நீங்க இல்லேன்னா என் புள்ளைங்க ஏதும்மா?" என்று வரப்பன் வாய் நிறையச் சொல்வார். சொல்வதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

ஊமச்சி அந்தக் குட்டையின் நத்தை. பேர்தான் அப்படி, அவளுக்கும் பேச்சு வரும். மற்றவர்கள் ஒரு பேச்சை முடிக்கிற நேரத்தில் அவள் ஒரு வார்த்தையை முடிப்பாள், அவ்வளவுதான். மெதுவாக ஊர்கிறவள் என்பதால் போகிற வழியில் இருப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே போவாள். அவள் ஓட்டின் வாசலில் வட்டமாக ஒரு மூடி உண்டு. வெயில் தாங்கவில்லை என்றாலும், ஆட்கள் தாங்கவில்லை என்றாலும், உள்ளே போய் இழுத்துச் சாத்திக்கொள்வாள்.

கூனிகளுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு கிடையாது. மண்ணுக்குள் போகவும் தெரியாது. குட்டை வற்றும்போது அவர்கள் சாவார்கள். சேற்றில் அவர்கள் இட்டுவிட்டுப் போகிற முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அந்த முட்டைகள் மறந்து தூங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கூனித் தாய்மார்களிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு முட்டையையும் கீழே விடுவதற்கு முன்னால், அதனிடம் குனிந்து, "முதல் மழைக்கே எழு" என்று சொல்ல வேண்டும். வாக்கு வைப்பது என்று அதற்குப் பேர். வாக்கு வைக்காமல் ஒரு முட்டையும் சேற்றில் விழக் கூடாது. முட்டைகளோ மணல் மாதிரி. பகலெல்லாம் தண்ணீரைத் தெளிய வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒவ்வொரு மணலுக்கும் குனிந்து குனிந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி இருக்கையில், ஒரு வருடம் மழை முதன்முதலாகப் பொய் சொன்னது.

ஆவணியில் ஒரு நாள் நன்றாக இருட்டிக்கொண்டு வந்து பெய்தது. வரப்பன் கத்தினார். முட்டைகளெல்லாம் எழுந்தன. குட்டையில் கால் வைக்க இடமில்லாமல் கூனிக் குஞ்சுகள். பிறகு மழை காணாமல் போய்விட்டது. தண்ணீர் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு எருமையின் குளம்படிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் நின்றது. வரப்பன் மண்ணுக்குள் திரும்பிப் போய்விட்டார். ஊமச்சி கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குளம்படிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கைப்பிடிக் கூனிகள் தவிர மற்றவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். புரட்டாசியில் மழை திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போலக் குட்டையை நிரப்பியது.

பிழைத்தவர்களில் ஒருத்தி நொய்யாள். நொய்யரிசிபோல இருந்ததால் அந்தப் பேர். இன்னொருத்தி மினுக்கி. நொய்யாளின் நாத்தனார். வாய்த்துடுக்குக்காரி. ஆனால் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

குட்டை அதே பெரிய குட்டைதான். செம்மண் கரைசலும் அதே கரைசல்தான். ஒரு கூட்டமே செய்ய வேண்டிய வேலை இப்போது ஒரு கைப்பிடிப் பேர் தலையில். வரப்பன் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னும் தெளியலையேம்மா, இன்னும் தெளியலையே" என்று வருத்தப்படுவார். ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க அவர்கள் கால்களை அளைந்தார்கள். கூனி ஆண்கள் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். வயசாகி இல்லை, அலுத்துப்போய்.

ஒருநாள் ஊமச்சி கருவேலம்பூ ஒன்று மிதப்பதைப் பார்த்துக்கொண்டு அடியில் ஊர்ந்துபோனாள். தலைக்கு மேலே நொய்யாள் நீந்துவது வழக்கமில்லாத விதமாக இருந்தது. வயிறு வானத்தைப் பார்க்க, முதுகு கீழே இருக்க, மல்லாந்து கிடந்தாள். கால்கள் மட்டும் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன.

"செத்துட்டியாடி?" என்றாள் ஊமச்சி.

"இல்லக்கா. படுத்திருக்கேன்."

"காலு ஆடுது?"

"காலை நிறுத்தினா மூச்சு நின்னுடும். முதுகாவது கொஞ்சம் படுக்கட்டுமேன்னு திரும்பிக்கிட்டேன். வேலை பாட்டுக்கு வேலை நடக்குது."

ஊமச்சி அவளைச் சுற்றி ஊர்ந்து பார்த்தாள். வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. நொய்யாளைச் சுற்றி மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மினுக்கி அந்தப் பக்கமாக வந்தாள். "என்ன மதினி, சாவுறதுக்கு ஒத்திகை பார்க்கறீங்களா?"

"ஆமாம்மா. நீயும் வா, பக்கத்துல இடம் இருக்கு."

"எனக்கு நேரமில்ல. வாக்கு வைக்க இன்னும் ஒரு பை முட்டை கிடக்கு. சிலபேரை மாதிரி ஆகாயம் பார்த்துக்கிட்டுக் கிடந்தா என் புள்ளைங்களை யார் எழுப்புறது?" சொல்லிவிட்டு மினுக்கி போனாள். கொஞ்சத் தூரம் போனதும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவளும் ஒரு தரம் மல்லாந்து பார்த்தாள். உடனே வெட்கப்பட்டுக் குப்புறத் திரும்பிக்கொண்டாள். ஊமச்சி அதைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மார்கழியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இனி மழை வராது என்று எல்லோருக்கும் தெரியும். கூனிகளுக்கு அது கடைசி முட்டை. கரையில் ஆடுகள் குடித்துவிட்டுப் போன இடமெல்லாம் சேறாகி, சேறு வெடிப்பாகிக்கொண்டிருந்தது.

நொய்யாள் ஒரு நாள் வரப்பனிடம் போய்க் கேட்டாள். ஊமச்சி அவளோடு வருவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பி, அவள் பேசி முடிக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"பெரியப்பா, ஆவணியில வந்த மாதிரி அடுத்த மழையும் பொய்யா வந்தா?"

"ஒரு தடவை தப்பிப்போச்சு. மழைக்கும் வயசாகுது. அதுக்காக மறுபடியும் அப்படியே வருமா?"

"வந்தா?"

"வந்தா என்னம்மா, மறுபடி மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்க வேண்டியதுதான்."

"நீங்க போய்ப் படுத்துக்குவீங்க."

வரப்பன் தொண்டையை ஒருமுறை உப்பி, காற்றை விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்த வித்தியாசம் அவர் மனதில் ஒருநாளும் பட்டதில்லை, அவ்வளவுதான். "முதல் மழைக்கு எழுறதுதான் சட்டம்மா," என்றார். "சட்டத்துக்கு நான் என்ன பண்ணுவேன்? ஆளாளுக்குத் தோணின நேரத்துல எழுந்தா தண்ணியை யார் தெளிய வைக்கிறது?"

நொய்யாள் திரும்பிவிட்டாள். வழியில் ஊமச்சியிடம், "இந்தக் குட்டையில மிச்சம் இருக்கிறது நாங்க ஒரு கைப்பிடி. எங்க முட்டைங்க. அதுவும் ஒரே நாள்ல எழுந்து ஒரே நாள்ல போயிட்டா, அப்புறம் கூனின்னு ஒரு பேரே இருக்காதுக்கா," என்றாள்.

"அப்படின்னா வேற வாக்கு வையேன்."

"வேற வாக்கு எதுவும் எங்களுக்குத் தெரியாதே."

அது உண்மைதான். கூனிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கைத்தான் சொல்லி வந்தார்கள். வேறொன்று சொல்லலாம் என்று அவர்கள் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றினாலும் யோசிக்க நேரம் இருந்ததில்லை.

அதற்கப்புறம் வந்த ஒரு மத்தியானத்தில் அது நடந்தது. தண்ணீர் ஒரு முழ அகலத்துக்கு வந்திருந்தது. வெயிலில் சூடேறிக் கிடந்தது. நொய்யாள் மல்லாந்து கிடந்தபடியே முட்டைகளுக்கு வாக்கு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பி, "முதல் மழைக்கே எழு... முதல் மழைக்கே எழு..." ஊமச்சி பக்கத்தில் ஒரு பாசிக் கொத்தைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே கண் சொருகியது. வரவர நொய்யாளின் வார்த்தைகள் குறைந்தன. "முதல் மழைக்கே..." என்று பாதியில் நின்றது. பிறகு "முதல்..." என்று மட்டும். பிறகு ஒன்றும் இல்லை. ஒரு முட்டை பையின் வாசலில் வந்து நின்றது. நொய்யாள் அதைப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு தாய் பக்கத்தில் கிடக்கிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் படுத்துக்கோடி."

முட்டை சேற்றில் விழுந்தது.

நொய்யாளுக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஊமச்சி சாப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு பேரும் அந்த முட்டை விழுந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே முட்டை எது, மண் எது என்று தெரியவில்லை.

"நான் என்னக்கா சொன்னேன்?"

"படுத்துக்கோன்னு சொன்னே."

"வாய் தவறிப்போச்சு."

"ம்."

அடுத்த முட்டை வந்து நின்றது. நொய்யாள் வாயைத் திறந்தாள். வாக்கு அவளுக்கு மனப்பாடம், சொல்ல எந்தச் சிரமமும் இல்லை. கருவேல மரத்தின் நிழல் அவள் வயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஊமச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். நொய்யாள் அந்த முட்டையின் பக்கம் தலையைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக, நன்றாகத் தெரிந்தே சொன்னாள்:

"முதல் மழை போகட்டும். நீ படுத்துக்கோ."

அதற்கடுத்ததிடம், "நீ ரெண்டாவது மழையும் பாரு. அவசரமில்ல," என்றாள். அதற்கடுத்ததிடம், "உனக்கு எப்ப அலுப்புத் தீருதோ அப்ப எழுந்துக்கோ." பிறகு ஒன்றிடம் பழைய வாக்கையே வைத்தாள். அந்த மத்தியானம் முழுவதும் அவள் இப்படி மாற்றி மாற்றிச் சொன்னாள். எதற்கு எதைச் சொல்கிறாள் என்று கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைக்கிற அளவுக்கு அவளுக்குத் தெம்பும் இல்லை. ஊமச்சிக்கு நன்றாக நினைவிருந்தது, நொய்யாளின் குரலில் அன்றைக்குத்தான் அலுப்போடு வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சுமை இறக்கி வைத்த பிறகு தோள் கொஞ்ச நேரம் வலிக்குமே, அந்த மாதிரி.

மினுக்கி கேட்டுவிட்டாள். அந்த ஒரு முழத் தண்ணீரில் யாரும் எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"பெரியப்பா! இங்க வந்து பாருங்க! எங்க மதினி புள்ளைங்களுக்குத் தூங்கச் சொல்லிக்கொடுக்கிறா!"

எல்லோரும் கூடினார்கள். கூடினார்கள் என்றால் எல்லோரும் ஏற்கனவே அங்கேதான் இருந்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள். வரப்பன் சேற்றில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தார்.

"நிஜமா நொய்யா?"

"நிஜம்தான் பெரியப்பா."

"எந்த முட்டைக்கெல்லாம் சொன்னே? எடுத்துக் காட்டு. மறுபடி சரியா வாக்கு வைச்சிடலாம். ஒண்ணும் குடி முழுகிப் போகலை."

"சேத்துல விழுந்தாச்சு. எது எதுன்னு எனக்கே தெரியாது."

மினுக்கிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ராத்திரி பகலா ஒண்ணொண்ணுக்கும் குனிஞ்சு சொன்னோமே, நாங்க என்ன கிறுக்கச்சிங்களா? நாளைக்கு எங்க புள்ளைங்க எழுந்து வேலை செய்யும், உங்க புள்ளைங்க குறட்டை விடுமா?"

"உன் புள்ளைங்க நல்லா இருக்கட்டும் மினுக்கி. என் புள்ளைங்களும் இருக்கட்டும்னு பார்த்தேன்."

"சட்டம் தெரியும்ல?" என்றார் வரப்பன், குரலைத் தாழ்த்தி. சட்டத்தைச் சொல்கிறபோது எப்போதும் அவர் குரல் தாழ்ந்துவிடும். "முதல் மழைக்கு எழாதவங்களுக்குத் தண்ணியில பங்கில்லை. உன் புள்ளைங்க பின்னால எழுந்து வந்தா நான் எப்படி இடம் விடுறது?"

நொய்யாள் மல்லாந்தபடியே, "ஆவணியில எழுந்தவங்களுக்கு மட்டும் பங்கு கிடைச்சுதா பெரியப்பா?" என்று கேட்டாள்.

ஆவணியில் எழுந்தவர்களின் காய்ந்த உடம்புகள் தூசியாகி அந்தக் கரையில்தான் எங்கோ கிடந்தன. ஊமச்சி ஒன்று சொல்ல நினைத்து வார்த்தையைத் தேடினாள். அது வருவதற்குள் வரப்பன், "சரி, சொன்னது சொன்னபடிதான்," என்று முடித்துவிட்டுப் பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளத் தொடங்கியிருந்தார். நொய்யாளின் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் பங்கில்லை என்று அன்றைக்குத் தீர்ப்பாயிற்று.

மினுக்கி அதற்கப்புறம் நொய்யாளோடு பேசவில்லை. ஆனால் கடைசி இரண்டு நாட்களும் அவளுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தாள். முதுகு வலி எல்லோருக்கும் ஒன்றுதானே.

தண்ணீர் உள்ளங்கை அளவுக்கு வந்தபோது நொய்யாளின் கால்கள் மெதுவாகிவிட்டன. ஊமச்சி ஓட்டைச் சாய்த்து அவள் மேல் நிழல் விழும்படி வைத்துக்கொண்டாள். அவளால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

"நான் செஞ்சது தப்பாக்கா?"

"தெரியலையேடி."

"வெறும் சோம்பேறித்தனமாக்கூட இருக்கலாம். பெரியப்பா சொல்ற மாதிரி. எழவே எழாம அப்படியே மண்ணாப் போயிட்டா?"

ஊமச்சிக்குப் பொய் சொல்ல வராது. மெதுவாகப் பேசுகிறவர்களுக்குப் பொய் சொல்வது கஷ்டம். சொல்லி முடிப்பதற்குள் மாட்டிக்கொள்வார்கள். "தெரியலை," என்றாள் மறுபடியும். "நான் பார்க்கிறேன். பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"நீயும் கதவைச் சாத்திக்கக்கா. வெயிலா இருக்கு."

நொய்யாளின் கால்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் நின்றது. ஊமச்சி மண்ணுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டாள்.

சித்திரையில் இடி இடித்தது.

வரப்பனின் குரல் மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஊமச்சி மூடியைத் திறந்து மேலே ஊர்ந்து வந்தபோது குட்டையில் முழங்கால் அளவுத் தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. அடுத்த நாளே அதில் தூசி பறப்பது போலக் குஞ்சுகள். மினுக்கியின் பிள்ளைகள், மற்றவர்களின் பிள்ளைகள், நொய்யாள் பழைய வாக்கு வைத்த சில பிள்ளைகள். எல்லோரும் எழுந்திருந்தார்கள். எழுந்ததும் வேலையைக் கேட்டார்கள். "பெரியப்பா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றார்கள். வரப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தியா ஊமச்சி? சொன்ன வாக்கு சொன்ன வாக்குதான்."

ஊமச்சி வானத்தைப் பார்த்தாள். மேகம் ஒன்றுமில்லாமல் துடைத்து வைத்தது போல இருந்தது.

வெயில் மறுநாள் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. அது கோடை மழை. பெய்துவிட்டுப் போய்விட்டது. தண்ணீர் சுடச்சுடக் குறைந்துகொண்டே வந்தது. குஞ்சுகள் இன்னும் முட்டை வைக்கிற வயதுக்கு வரவில்லை. அவை வேலையை நிறுத்தவும் இல்லை. தண்ணீர் பாதி தெளிந்திருந்தது. மினுக்கியின் ஜாடையில் இருந்த ஒருத்தி வரப்பனிடம் போனாள். வாய்த்துடுக்கும் அம்மாவுடையதுதான்.

"பெரியப்பா, தண்ணி போகுது. நீங்க மண்ணைத் தோண்டுறீங்க. நாங்க எங்க போறது?"

வரப்பன் தோண்டுவதை நிறுத்தினார். பின்னங்கால்கள் ஏற்கனவே மண்ணுக்குள் இருந்தன.

"எங்களை எழுந்திருக்கச் சொன்னாங்க. எழுந்துட்டோம். இப்ப என்ன செய்யணும்?"

அவர் அந்தக் குஞ்சைப் பார்த்தார். ஊமச்சியைப் பார்த்தார். தொண்டை உப்பியது. உப்பினபடியே அவர் மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கினார். கண்கள் கடைசியாகப் போயின.

ஊமச்சி போகவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாளே. ஓட்டைச் சாய்த்து நிழல் போட்டாள். நிழலுக்குள் வந்தது கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கும் அது போதவில்லை. சேற்றின் மேல் மெல்லிய கண்ணாடிச் சருகு போல அவர்கள் ஒட்டிக்கொண்டபோதுதான் அவள் உள்ளே போனாள். மூடியைச் சாத்துவதற்கு அன்றைக்கு அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

குட்டையில் இப்போது கூனி என்று யாருமில்லை. மண்ணுக்குள் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால்தான் உண்டு.

ஐப்பசி வந்தது. மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. கருவேல மரங்களின் அடிவரை தண்ணீர் ஏறியது. வரப்பன் மேலே வந்தார். ஆனால் கத்தவில்லை. தலைப்பிரட்டைகள் செந்தண்ணீரில் திக்குமுக்காடின. அவர் கரையோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை அவர் முதுகில் விழுந்து வழிந்தது.

"கூப்பிடலையா அண்ணே?" என்றாள் ஊமச்சி.

"யாரைக் கூப்பிடுறது?" என்றார் அவர்.

ஊமச்சி குட்டையின் அடியில் ஊரத் தொடங்கினாள். நொய்யாள் கிடந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சேற்றில் ஒன்றும் அசையவில்லை. மறுநாளும் வந்தாள். அன்றைக்கும் ஒன்றுமில்லை. சோம்பேறித்தனமாகத்தான் இருந்திருக்குமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காக மனசு கஷ்டப்பட்டுக்கொண்டே அவள் ஊர்ந்தாள்.

அப்போது தலைக்கு மேலே ஒரு புள்ளி போனது. மல்லாந்து போனது.

"யாருடி அது?"

"நானா? இப்பத்தான் எழுந்தேன்," என்றது. கண்கூட முழுதாகத் திறக்கவில்லை. "மழை பெய்யுதா?"

"மூணு நாளாப் பெய்யுது."

"அப்படியா? போன தடவைகூடப் பெய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. புரண்டு படுத்துட்டேன்."

பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம். ஒருத்திகூடக் குப்புற நீந்தவில்லை. அப்படி நீந்தலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வயிற்றை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு, கால்களை அலையலையாக அசைத்துக்கொண்டு போனார்கள். போன வழியில் தண்ணீர் தெளிந்தது.

வரப்பன் தடதடவென்று தண்ணீருக்குள் குதித்து வந்தார். "எத்தனை பேரும்மா? இவ்வளவு பேர்தானா? மத்தவங்க?"

"கீழே இருக்காங்க."

"எழுப்புங்கம்மா! இது நிஜமான மழை! குட்டை நிறைஞ்சிருக்கு!"

"நான் எழுப்பிப் பார்த்தேன்," என்றாள் முதலில் எழுந்தவள். "'நீ போ, இது என் மழை இல்லை'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

வரப்பன் காற்றை உள்ளே இழுத்தார். தொண்டை பெரிதாக, பெரிதாக உப்பியது. அவர் ஒரு கத்துக் கத்தினால் இறந்தவர்கள்கூட எழுந்துவிடுவார்கள் என்று குட்டையில் சொல்வார்கள். தூங்குகிறவர்கள் எம்மாத்திரம்? ஊமச்சி அவருக்கு நேராக ஊர்ந்துபோய் நின்றாள். வார்த்தையைத் தேடினாள். இந்த முறை அவசரப்படாமல் தேடி எடுத்தாள்.

"அண்ணே, இவங்களும் போயிட்டா உங்களுக்கு மிச்சம் இருக்கிறது கீழே தூங்குறவங்கதான்."

வரப்பன் உப்பினபடி அப்படியே நின்றார். மினுக்கியின் மகள் அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் கேட்காதபடி, காற்றை வெளியே விட்டார்.

"கிடக்கட்டும்," என்றார். "எழுறப்ப எழட்டும். எப்ப எழுந்தாலும் தண்ணியில பங்கு உண்டு."

அன்று முதல்தான் குட்டைக் கூனிகள் எல்லாம் மல்லாந்து நீந்துகின்றன. அன்று முதல்தான் ஒரு மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை. காய்ந்த குட்டையில் ஒரு பிடி மண்ணை அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் பேர் எழுந்து வருவார்கள். அந்த மண்ணைக் காயவைத்து மறுபடி தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொஞ்சம் பேர். அதற்கப்புறமும் அந்த மண்ணுக்குள் சிலர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். தவளை பக்கத்திலேயே உட்கார்ந்து எவ்வளவு கத்தினாலும், அது அவர்களைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை.